மைனஸ் முப்பத்து நான்கில் ஒரு புகார்

தர்ஹான் நகரம், ஜனவரி, காலை ஒன்பது.
தொலைபேசியில் ஓயூன்கெரெல்:
"ஐஸ்கிரீம் உருகுகிறது."
சிரித்துவிட்டேன்.
மறுமுனை சிரிக்கவில்லை.

மங்கோலியக் குளிர்காலத்தில்
குளிர்பெட்டி பழுது பார்ப்பவன்
கொல்லர் தெருவில் ஊசி விற்பவன்தான்.
நவம்பர் வந்தால் பாதிப் பேர்
இறைச்சியைப் பால்கனியில் அடுக்கிவிட்டு
என் எண்ணை மறந்துபோவார்கள்.
ஆனால் கடைக்குப் பால்கனி கிடையாது.
அவளிடம் இருப்பது ஆள் நுழையும் அறை ஒன்று,
அதற்குள் அறுநூறு குச்சி ஐஸ்,
வெண்மாதத் திருநாளுக்கென்று
ஊரார் சொல்லிவைத்த
நாலாயிரம் பூஸ் கொழுக்கட்டை.

மைனஸ் பதினெட்டு இருக்க வேண்டிய அறையில்
மைனஸ் மூன்று.
கம்ப்ரஸரும் கண்டென்சரும் பின்சுவரில்,
காற்றைப் பார்த்தபடி.
நாற்பது நொடி ஓடும். நிற்கும்,
எதையோ சொல்ல வந்து
விழுங்கிக்கொள்பவனைப்போல.

ரிலே என்றேன். மாற்றினேன்.
நாற்பது நொடி.
கெப்பாசிட்டர் என்றேன்.
கையுறை கழற்றிய ஒரு நிமிடத்தில்
செம்புக் குழாய்
ஆட்காட்டி விரலின் தோலை
எழுதி வாங்கிக்கொண்டது.
நாற்பத்திரண்டு நொடி.
முன்னேற்றம் என்றேன்.
அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

கேஸ் குறைவு.
இதைச் சொல்லும்போது என் குரலில்
இருபது வருட அனுபவம் இருந்தது.
சிலிண்டரே விறைத்துக் கிடந்தது,
வெந்நீர் வாளியில் நிறுத்தித்தான்
கேஸை எழுப்ப முடிந்தது.
அங்கேயே புரிந்திருக்க வேண்டும்.
ஏற்றினேன்.
கேஜின் முள் கொஞ்சம் எழுந்து
மறுபடி படுத்துக்கொண்டது.
இன்னும் ஏற்றினேன்.
(இதை என் மனைவி சொலோங்கோவிடம்கூடச் சொன்னதில்லை.)
இன்னும்.

மதியம் அவள் ஐஸ்கிரீமை
அட்டைப்பெட்டிகளில் வாரி
வாசற்படியில் வைத்துவிட்டாள்.
அங்கே அது கல்லானது.
பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள்
மூக்கில் ஆவி பறக்க
வாங்கித் தின்றபடி போனார்கள்.
"அப்புறம் உனக்கு எதற்குக் கூலி?"
கேட்டது அவளில்லை.
அந்தப் படி.

ஐந்தரைக்கு வெளிச்சம் கழன்றது.
முற்றத்தில் அவள் சரக்கு வண்டி
எஞ்சின்மேல் ஆட்டுமயிர்க் கம்பளம் கட்டிக்கொண்டு
கிழட்டு எருது மாதிரி நின்றது.
இங்கே எல்லா வண்டிக்கும் உண்டு அது,
தினமும் பார்ப்பதுதான்.
சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து
பார்த்தேன்.

சூட்டை வெளியே கொட்டத்தான் கண்டென்சர்.
கொட்டுமிடம் இவ்வளவு பசியாய் இருந்தால்
கேஸ் அங்கேயே சுருண்டு படுத்துவிடும்.
பிடித்துத் தள்ள அழுத்தம் இல்லை,
உள்ளே போக வேண்டியது போகாது.
பழுது எதிலும் இல்லை.
மெஷினுக்குக் குளிர்கிறது,
அவ்வளவுதான்.

கம்பளத்தை அவிழ்த்து
முழுசாகப் போர்த்தினேன்.
மதியம் நான் திணித்த பேராசையெல்லாம்
ஒன்றாய் விழித்துக்கொள்ள,
முள் சிவப்புக்குள் பாய்ந்து
எல்லாம் அணைந்தது.
மிச்ச கேஸை, கடன் வசூலிக்கிறவனைப்போல,
கொஞ்சம் கொஞ்சமாய்
காலிச் சிலிண்டருக்குத் திரும்ப வாங்கினேன்.
கம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை மடித்துவிட்டேன்.
நாற்பது நொடி.
ஒரு நிமிடம்.
மூச்சுவிடாமல் நான், விடாமல் அது.
நள்ளிரவில் மைனஸ் பதினேழு.

கூலியோடு
ஆவி பறக்க ஒரு தட்டு பூஸ் தந்தாள்.
ரசீதில் கம்பளம் என்று எழுதத் துணிவில்லை.
"சீரமைப்பு" என்று எழுதினேன்.
ரிலேக்கும் கெப்பாசிட்டருக்கும் காசு வாங்கவில்லை;
கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள்,
அதுதான் கேட்க விடவில்லை.

மறுநாள் காலை ஏழு. அதே எண்.
"உருகுகிறதா?" என்றேன்
சட்டை போட்டபடியே.
"பெட்டிக்கு ஒன்றுமில்லை, கல்லாய் இருக்கிறது.
வண்டிதான் கிளம்பவில்லை."